காலி டப்பா

அத்தியாயம் 6

"மேடம், இந்த வண்டிக்கு அடியில படுத்த ஆள் மேலதான் கேஸ் போட்டிருக்காங்க. இப்ப நான் படுத்திருக்கேன். யாராவது பார்த்தா என்ன சொல்றது?"

காவல் நிலையத்தின் பின்புறம் பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே நின்ற வெள்ளைக் காரின் கீழிருந்து ஆரிப்பின் குரல் வந்தது. அவனுடைய முழங்காலும் ஷூவும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஜனவரி மாதத்துக் காலை பதினோரு மணி. வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. தரை ஐஸ் மாதிரி இருந்தது.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லு," என்றாள் மாதங்கி. "முதல்ல அதைத் தட்டிப் பாரு."

ஆரிப் ஸ்பேனரால் தட்டினான். ணங்கென்று காலிச் சொம்பைத் தட்டியதுபோலச் சத்தம் எழுந்து அடங்கியது.

"உள்ளே ஒண்ணுமே இல்லை மேடம். நம்ம பேங்க் அக்கவுண்ட் மாதிரி."

மாதங்கி சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேத அறிக்கை எழுதியவள். அந்த வேலையில் இரும்பு பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு, இப்போது ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை எடுத்துச் சொந்தமாகத் துப்பறிகிறாள். ஆரிப் அவளுடைய ஒரே உதவியாளன். ஆம்பூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது தில்லி. ஒரு டிவி சேனலில் குற்றச் செய்தியாளனாக இருந்தான். சேனல் மூடப்பட்டது, வாய் மட்டும் மூடவில்லை.

இந்தக் கார் பட்டாபியுடையது. எழுபத்தொரு வயது, மத்திய அரசில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒன்பது நாட்களுக்கு முன் மலைமந்திர் முருகன் கோயிலுக்குக் கீழே தெருவோரத்தில் இந்தக் காரின் பின்சீட்டில் இறந்து கிடந்தார். அன்று கிருத்திகை. முழங்கால் வலியால் அவர் படியேறவில்லை. குளிருக்கு ஹீட்டர் வேண்டும் என்றதால் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவர் பேருக்கு அர்ச்சனை செய்ய டிரைவர் பெரியண்ணன் மேலே போயிருந்தான். கூட்டம். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பியபோது தூங்குவதுபோல் சாய்ந்திருந்தார். கார்பன் மோனாக்சைடு என்றது பிரேதப் பரிசோதனை. நிறமில்லாத, மணமில்லாத விஷம்.

அது எப்படி உள்ளே வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சைலன்சர் குழாயின் நடுவில் கன்வர்ட்டர் என்று ஒரு ஸ்டீல் டப்பா உண்டு. அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி இருக்கும். எஞ்சின் கக்கும் விஷத்தை அதுதான் சாதுவான புகையாக மாற்றும். அதில் பூசிய பிளாட்டினத்துக்கு விலை அதிகம், ஆகையால் திருடர்களுக்கும் அதன்மேல் ஆசை அதிகம். பட்டாபியின் காரில் நவம்பர் மாதம்தான் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். 4471 என்று முடியும் நம்பரோடு பில் டேஷ்போர்டில் இருந்தது. ஆனால் காருக்கடியில் இருந்தது வேறொரு பழைய டப்பா. உள்ளே தேன்கூடு இல்லை. பின்பக்க இணைப்பில் வெல்டிங்கும் சரியில்லை. அங்கே கசிந்த விஷப்புகை, கியருக்குக் கீழே கிழிந்திருந்த ரப்பர் உறை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது.

கவனக்குறைவால் மரணம் என்று பெரியண்ணன் மேல் வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டிருந்தார்கள். பட்டாபியின் ஒரே மகன் ஸ்ரீவத்ஸனுக்கு அது போதவில்லை. "புதுசைத் திருடி வித்துட்டு, காலி டப்பாவை மாட்டி எங்கப்பாவைக் கொன்னிருக்கான். எங்கே வித்தான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. திருட்டுக் கேஸும் சேர்ந்தா அவன் வெளியே வர முடியாது," என்று மாதங்கியிடம் வந்தவன் அவன்தான்.

"வெல்டிங் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மாதங்கி.

"கீழ்ப்பாதி முத்துக் கோத்த மாதிரி இருக்கு. மேல்பாதி..." ஆரிப் கையை விட்டுத் தடவினான். "மேல்பாதியே இல்லை. விரல் போகுது. கை பூரா கரி."

"படுத்துக்கிட்டு வெல்டிங் வச்சிருக்காங்க. மேல்பக்கம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. பில் போட்ட ஒர்க்‌ஷாப்ல வண்டியைத் தூக்கிற ராம்ப் இருக்கு. அவங்க செஞ்ச வேலை இல்லை இது. முன்பக்கம்?"

"முன்பக்கம் போல்ட். நாலும் ஒழுங்கா முடுக்கியிருக்கு. நடுவில கசியாம இருக்க வைக்கிற கேஸ்கெட் வளையம் பளபளன்னு புதுசு."

மாதங்கி அதைக் குறித்துக்கொண்டாள்.

"மேடம், இன்னொண்ணு. டப்பா வயித்துல பிளாஸ்டிக் பை ஒண்ணு உருகி ஒட்டியிருக்கு. ரோட்டுல கிடந்தது பறந்து ஒட்டிக்கிட்டிருக்கும். ஆரஞ்சு கலர். எழுத்துகூடத் தெரியுது, ஆனா உருது மாதிரி வலமிருந்து இடமாப் போகுது."

"போட்டோ எடு. எழுந்து வா."

பெரியண்ணனின் வீடு ஒரு சாக்கடைக் கால்வாயை ஒட்டிய குடியிருப்பில் இருந்தது. தகரக் கூரை, ஒற்றை அறை, சுவரில் ஆத்தூர் ஜவுளிக்கடைக் காலண்டர். பதினொரு வருடம் பட்டாபிக்குக் கார் ஓட்டியவன் ஷேவ் செய்யாத முகத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ராஜாத்தி சரோஜினி நகரில் வீட்டுவேலை பார்ப்பவள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே ஆரிப்புக்கு வியப்பாக இருந்தது.

"மூணு வீட்ல ரெண்டு வீட்டுக்காரம்மா வரவேண்டாம்னுட்டாங்க," என்றாள் அவள். "கொலைகாரன் பொண்டாட்டி கையில காபி வாங்கிக் குடிக்க யாருக்குங்க மனசு வரும்?"

மாதங்கி நேராகக் கேட்டாள். "புது கன்வர்ட்டரை எடுத்தது யாரு, பெரியண்ணன்?"

"நான்தானுங்க."

"எதுக்கு?"

"விக்கறதுக்குங்க. மாயாபுரியில பழைய சாமான் வாங்கறவன்கிட்ட வித்துட்டனுங்க."

"எப்படி எடுத்தீங்க? ரெண்டு பக்கமும் கிரைண்டர் போட்டு அறுத்தா?"

"ஆமாங்க. ரெண்டு பக்கமும் அறுத்தனுங்க."

"வாங்கினவன் யாரு?"

"முகம் ஞாபகமில்லைங்க."

ஆரிப் மெல்லச் சொன்னான். "அண்ணே, இந்த வேகத்துல ஒத்துக்கிட்டா போலீஸ்காரனுக்கே சந்தேகம் வந்துடும். கொஞ்சம் இழுத்துப் பேசுங்க."

"முன்பக்கம் நாலு போல்ட்டையும் பதமாக் கழட்டியிருக்கீங்க," என்றாள் மாதங்கி. "அப்புறம் புது கேஸ்கெட் வாங்கிப் போட்டு மாட்டியிருக்கீங்க. திருடறவன் ரெண்டு நிமிஷத்துல அறுத்துட்டு ஓடுவான். கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போகமாட்டான். ரெண்டு பக்கமும் அறுத்தேன்னு எதுக்குப் பொய் சொல்றீங்க?"

பெரியண்ணன் தரையைப் பார்த்தான். ராஜாத்தி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"யாரைய்யா காப்பாத்தற? ஒன்பது நாளா கேக்கறன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாத அப்படி என்ன ரகசியம்?"

"விடு ராசாத்தி."

"திருடன்னு சொல்றாங்கய்யா உன்னை."

"சொல்லட்டும் விடு. நான்தான் வெல்டிங் வெச்சன். நான்தான் ஹீட்டரைப் போட்டன். ஐயா போயிட்டாரு. திருடன்னா என்ன, திருடாதவன்னா என்ன?"

மாதங்கி அவன் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

தெருவுக்கு வந்ததும் ஆரிப் சொன்னான். "செஞ்ச குத்தத்தை மறைக்கிறவனைப் பார்த்திருக்கேன். செய்யாத குத்தத்தைப் பிடிச்சுத் தொங்கற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"அந்த போட்டோவைக் காட்டு. இடமும் வலமும் மாத்திப் போடு."

அச்சடித்த பக்கம் டப்பாவில் ஒட்டிப் பின்பக்கம் வெளியே தெரிந்ததால்தான் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. போனில் படத்தைத் திருப்பியதும் ஆங்கிலத்தில் பாதிப் பெயர் தெளிவாக வந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு மிருகத்தின் குண்டுக் கால்.

"...ப்பி ஹிப்போ," என்று படித்தான் ஆரிப். "நீர்யானைக் கால்தான் இது. பொம்மைக்கடையா இருக்கும்." அடுத்த ஐந்து நிமிடம் போனில் தேடினான், இரண்டு பேரைக் கூப்பிட்டான். "மேடம், 'ஹாப்பி ஹிப்போ'ன்னு ஒரே ஒரு கடைதான். குர்காவ்ல. வேற கிளை கிடையாதாம். பட்டாபி சார் குர்காவ்ல பொம்மை வாங்கினாரா?"

"மகன் சொன்னதை நினைச்சுப் பாரு. அப்பா மூணே இடத்துக்குத்தான் போவார்னான். கோயில், ஆஸ்பத்திரி, சரோஜினி நகர் மார்க்கெட். இந்த வண்டி குர்காவ் ரோட்டைப் பார்த்ததே இல்லை."

"அப்ப அந்த டப்பா பார்த்திருக்கு."

"ஆமா. அதே மாடல் வண்டி ஒண்ணு. குர்காவ்ல ஓடற வண்டி. அதோட டப்பா இங்கே வந்திருக்கு. அப்படின்னா இங்கே இருந்தது எங்கே போயிருக்கும்?"

ஆரிப் போனைச் சட்டைப்பையில் போட்டான். மெட்ரோ ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான். அதே மாடல் வெள்ளைக் காரில்தான் நான்கு நாட்களுக்கு முன் ஸ்ரீவத்ஸன் குர்காவிலிருந்து அவர்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தான்.

மாலை நான்கு மணி. குர்காவில் ஸ்ரீவத்ஸனின் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் கீழ்த்தளம். பார்க்கிங் எண்ணைக் காவலாளியே காட்டினான். வெள்ளைக் கார், பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை.

ஆரிப் கீழே படுத்தான். ஸ்பேனரால் தட்டினான். டொக் என்றது. நிரம்பிய குடத்தின் சத்தம். போன் வெளிச்சத்தில் தேடி நம்பரைப் படித்தான். கடைசி நான்கு எண்கள் 4471.

எழுந்து முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "நம்ம கட்சிக்காரரே நம்ம குற்றவாளி மேடம். அப்பா வண்டியிலிருந்து நல்லதை எடுத்துத் தன் வண்டியில போட்டுக்கிட்டு, பழியை டிரைவர் மேல போட்டிருக்கார்."

"அப்படி இருந்தா நம்மளைக் கூப்பிட்டு எதுக்குத் தேடச் சொல்லணும்? அவரை வரச்சொல்லு."

ஸ்ரீவத்ஸன் லிஃப்ட்டிலிருந்து வேகமாக வந்தான். முப்பத்தெட்டு வயது. மென்பொருள் கம்பெனியில் மேலாளர். தகப்பனுக்குக் காரியம் செய்து மழித்த தலையில் கம்பளிக் குல்லா.

"கிடைச்சுதா? எங்கே வித்திருக்கான்?"

"கிடைச்சுது," என்றாள் மாதங்கி. "உங்க வண்டிக்கு அடியில இருக்கு."

அவன் புரியாமல் பார்த்தான். ஆரிப் போனில் எடுத்த படத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினான். இரண்டு தடவை படித்தபிறகு ஸ்ரீவத்ஸன் குனிந்து காருக்கடியில் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது. நிஜமா எனக்குத் தெரியாது. நான் எதுக்கு..."

"இந்த வண்டி எப்பவாவது உங்க கையை விட்டுப் போச்சா?"

"டிசம்பர்ல. ஆபீஸ் வேலையா ஹைதராபாத் போனேன். ஏர்போர்ட்டுக்குப் பக்கம்னு அப்பா வீட்டில நிறுத்திட்டுப் போனேன். ரெண்டு நாள்." நிறுத்தினான். "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பொல்யூஷன் டெஸ்ட்ல ஃபெயில். சர்ட்டிபிகேட் இல்லாம தில்லியில பெட்ரோல் போடமாட்டேங்கறான். திரும்பி வந்து டெஸ்ட் எடுத்தேன், பாஸ் ஆயிடுச்சு. அப்பா ஆயில் மாத்தி வச்சிருப்பார்னு நினைச்சேன்."

மாதங்கி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மூன்றாவது மணியில் பெரியண்ணன் எடுத்தான்.

"பெரியண்ணன், நான் மாதங்கி. குர்காவ்ல இருக்கேன். வண்டிக்கு அடியில நம்பரைப் பார்த்துட்டேன். ஸ்ரீவத்ஸன் என் பக்கத்துல நிக்கறார்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"தம்பி இருக்காருங்களா?"

"இருக்கேன்," என்றான் ஸ்ரீவத்ஸன். "சொல்லுங்க."

"தீபாவளிக்கு ஐயா உங்க வண்டியில வந்தாருங்கல்ல. பாப்பா அபூர்வா வழி பூரா இருமிக்கிட்டே வந்துச்சாம். வண்டிக்குள்ள புகை நாத்தம் அடிக்குது, ஒர்க்‌ஷாப்ல காட்டுன்னு ஐயா சொன்னாராம். உங்க வேலையைப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்களாம்."

ஸ்ரீவத்ஸன் தூணில் சாய்ந்துகொண்டான்.

"நீங்க ஊருக்குப் போன அன்னிக்கு உங்க வண்டியை, ஐயா வண்டிக்குப் புதுசு போட்ட சர்தார்ஜி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனம். நீங்க இந்தப் பழைய வண்டியை வாங்கறதுக்கு முன்னாடியே எவனோ உள்ள இருந்ததை உருவிட்டு வெறும் டப்பாவை ஒட்டிவெச்சிருக்கான்னு சர்தார்ஜி சொன்னாருங்க. புதுசுக்கு ஆர்டர் போட்டா வர மூணு வாரம் ஆகும்னாரு. ஐயா அங்கயே ஆர்டர் குடுத்தாரு. வீட்டுக்கு வந்ததும், பெரியண்ணா, மூணு வாரம் எம்பேத்தி அந்தப் புகையைக் குடிக்கணுமா, என் வண்டியில இருக்கறதை எடுத்து அதுல போடு, நான் கோயிலுக்குத்தானே போறேன்னாரு."

"சர்தார்ஜி செஞ்சு தரலையா?" என்று கேட்டாள் மாதங்கி.

"மறுநாள் கழட்டிக் கொண்டுபோன நல்லதை உங்க வண்டியில அவருதாங்க மாட்டினாரு தம்பி. காலி டப்பாவை எந்த வண்டியிலயும் மாட்டமாட்டேன்னுட்டாரு. அதனால இங்க எங்க குடியிருப்புல இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைக்கறவன்கிட்ட மிஷின் வாங்கி, ரோட்டுல படுத்து நானே வெச்சன். தம்பிக்குத் தெரிஞ்சா வாங்கிக்கமாட்டான், சண்டை போடுவான், சொல்லாதேன்னு ஐயா சத்தியம் வாங்கிட்டாரு."

"அவர் போனப்புறமும் ஏன் சொல்லலை?" ஸ்ரீவத்ஸன் கத்தவில்லை. கெஞ்சுவதுபோல் கேட்டான். "நான் உங்களைத் திருடன்னேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தேன்."

"சொன்னா நீங்க அந்த வண்டியில எப்படிங்க உக்காருவீங்க? பாப்பாவை எப்படி ஏத்துவீங்க? எனக்குக் குடுத்ததாலதான் அப்பா போனாருன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. நான் வித்துட்டன்னு இருந்துட்டா, அது என்னோட போயிருமுங்க."

ஆரிப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதோட நான் ஒண்ணும் யோக்கியன் இல்லைங்க தம்பி," என்றது போன். "கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி சத்தம் வருதேன்னு அடியில கைவெச்சுப் பார்த்தன். மேல்பக்கம் கரியா வந்துச்சு. கசியுதுன்னு தெரிஞ்சுது. புதுசு வர்ற வாரந்தான, அதுவரைக்கும் தாங்கும்னு கையைத் தொடச்சுட்டு வந்துட்டன். ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கேஸ் சரியான கேஸுதாங்க. அதை நான் நின்னு பாத்துக்கறன்."

மேலே எங்கோ ஒரு கார் சரிவில் இறங்கும் சத்தம் கேட்டு நின்றது.

ஸ்ரீவத்ஸன் காரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எட்டு மாசம்," என்றான், மாதங்கியிடமா போனிடமா என்று தெரியாமல். "வாங்கின நாள்லேர்ந்து எட்டு மாசம் எனக்கும் அந்த நாத்தம் வந்துண்டுதான் இருந்தது. செண்ட் பாட்டில் வாங்கி மாட்டினேன். போன மாசம் டாக்டர் கேட்டார், குழந்தைக்கு இருமல் குறைஞ்சிருக்கே, என்ன மாத்தினீங்கன்னு. நீங்க குடுத்த மருந்துதான் டாக்டர்னு சொன்னேன்." குல்லாவால் முகத்தைத் துடைத்தான். "பெரியண்ணன், அந்த ஆர்டர்?"

"வந்திருச்சுங்க. நேத்து சர்தார்ஜி போன் பண்ணினாரு. ஐயா பேர்ல டப்பா வந்திருக்கு, எப்ப வண்டியைக் கொண்டு வர்றீங்கன்னு கேட்டாரு. அவருக்கு ஐயா போன விஷயம் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரலீங்க."

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் போலாம்."

"எங்கீங்க தம்பி?"

"முதல்ல ஸ்டேஷனுக்கு. அப்புறம் சர்தார்ஜிகிட்ட நான் சொல்றேன்."

போன் அணைந்தது. ஸ்ரீவத்ஸன் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினான். ஆரிப் கை கொடுத்தான். தூக்கி நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றான்.

"உங்க ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டான் ஸ்ரீவத்ஸன்.

"பார்த்ததை எழுதுவேன்," என்றாள் மாதங்கி. "வெல்டிங் சரியில்லைன்னும் எழுதுவேன். திருட்டு இல்லைன்னும் எழுதுவேன். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை எழுத முடியாது. ஆனா புகாரைக் குடுத்தது நீங்க. அதை நீங்கதான் மாத்தணும்."

அவன் தலையசைத்தான். நாளைக்காகக் காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் தோமரின் எண்ணைத் தேடி அழைத்தான். அமைதியான அந்தத் தளத்தில் மறுமுனையின் ஹிந்தி மாதங்கிக்குத் தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்க சாஹப். டிரைவர் எங்கே வித்தான்னு தெரிஞ்சுதா?"

"விக்கலை சார். திருட்டே நடக்கலை. அந்தப் புகாரை நான் வாபஸ் வாங்கணும்."

"அப்ப அந்தப் புது கன்வர்ட்டர் எங்கே?"

"என் வண்டியில இருக்கு."

இன்ஸ்பெக்டரின் குரல் மாறியது. எச்சரிக்கையாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உங்க வண்டியில யார் போட்டது?"

ஸ்ரீவத்ஸன் காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டான்.

"எங்கப்பா," என்றான்.